ஆயிரம் முகம் படைத்த லான் சேனி

காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, ஊமைப் படங்களில் உலகத்தோடு பேசிய ஒரு நடிகரின் கதை

அமெரிக்காவில் 1920-ஆம் ஆண்டுகளில் ஒரு வேடிக்கைப் பேச்சு வழங்கி வந்தது. தரையில் சிலந்திப் பூச்சி ஒன்று ஊர்ந்து போனால் போதும். "ஐயையோ, மிதித்துவிடாதே! அது லான் சேனியாக இருந்தாலும் இருக்கும்!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள்.

யார் இந்த லான் சேனி? எந்த வேஷம் வேண்டுமானாலும் போடக்கூடியவர். இன்று கால் இல்லாத முடவன். நாளை கூன் விழுந்த குரூபி. மறுநாள் பல் போன பாட்டி. அதற்கடுத்த நாள் மண்டை ஓட்டுக்கு உயிர் வந்தாற்போல் ஒரு பயங்கர உருவம்! ஒரு படத்தில் பார்த்த முகத்தை அடுத்த படத்தில் பார்க்க முடியாது. 'ஆயிரம் முகம் படைத்த மனிதர்' என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் சூட்டின.

சார்லி சாப்ளினை நம்மில் அறியாதவர் இல்லை. அதே ஹாலிவுட்டில், அதே ஊமைப் படக் காலத்தில், சாப்ளின் ஜனங்களைச் சிரிக்க வைத்தபோது அவர்களை நடுங்க வைத்தவர் சேனி. ஆனால் பயமுறுத்துவதோடு அவர் நின்றுவிடவில்லை. கொட்டகையை விட்டு வெளியே வரும்போது, அந்தக் கோர உருவத்துக்காகவே ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். பயத்தையும் பரிதாபத்தையும் ஏககாலத்தில் எழுப்பும் இந்த வித்தையை அவர் எங்கே கற்றார்?

எந்த நாடகக் கம்பெனியிலும் அல்ல. தம் வீட்டில், தாயாரின் படுக்கைக்குப் பக்கத்தில்!

பேச்சு இல்லாத வீடு

கொலராடோ மாநிலத்தில் மலைகளின் அடிவாரத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர். 1883 ஏப்ரல் 1-ஆம் தேதி அங்கே பிறந்தார் லான் சேனி. தகப்பனார் பிராங்க் சேனி முடி திருத்தும் தொழில் செய்தவர். தாயார் பெயர் எம்மா. இருவருக்குமே காது கேளாது. வாயால் பேசவும் மாட்டார்கள். தாய்வழிப் பாட்டனாரான ஜொனாதன் கென்னடியின் பிள்ளைகள் சிலருக்குச் செவிப்புலன் இல்லை. தம் பிள்ளைகள் கல்வியில்லாமல் போகக்கூடாதே என்ற கவலை அவருக்கு. 1874-ல் அந்த ஊரிலேயே காது கேளாதவர்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அந்தப் பள்ளி இன்றும் நடந்து வருகிறது.

அந்த வீட்டில் பேச்சு என்பது கைகளில் இருந்தது. 'பசிக்கிறது' என்பதும் கையால்தான், 'கோபமா?' என்பதும் கண்ணால்தான். நம் வீடுகளில் குழந்தை முதலில் 'அம்மா' என்று வாயால் சொல்லும். சேனி அதை விரலால் சொல்லக் கற்றவர்.

சிறுவனுக்குப் பத்து வயது இருக்கும். தாயார் கடுமையான வாத நோயால் படுத்த படுக்கையாகிவிட்டார். தகப்பனார் வேலைக்குப் போயாக வேண்டும். கூட இருந்து கவனிக்க ஆள் வேண்டுமே! நாலாம் வகுப்போடு பையனின் படிப்பு நின்றது. ஏறக்குறைய மூன்று வருஷ காலம் தாயாருக்குத் துணை அவன்தான்.

வெளியுலகத்தையே பார்க்க முடியாமல் கிடந்த அந்தத் தாய்க்கு, உலகத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் பொறுப்பும் அவனுடையதாயிற்று. தெருவில் யார் யாரைப் பார்த்தான், அவர்கள் எப்படி நடந்தார்கள், எப்படிச் சண்டை போட்டார்கள், எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்பதையெல்லாம் அவள் கண்முன் நடித்துக் காட்டுவான். வார்த்தைக்கு அங்கே வேலையே இல்லை. தோள் ஒரு கதை சொல்லும். புருவம் ஒரு கதை சொல்லும். தாய் முகத்தில் சிரிப்பு வந்தால், நடிப்பு பலித்தது என்று அர்த்தம். இதைவிட நல்ல நடிப்புப் பள்ளி உலகத்தில் எங்கே உண்டு?

மேடையில் விழுந்த இடி

வயது ஏற ஏற, கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். வீடுகளில் தரை விரிப்புப் போட்டார். சுவர்களில் வர்ணக் காகிதம் ஒட்டினார். அண்ணன் ஜான் ஊர் நாடகக் கொட்டகையில் வேலை பார்த்தார். அந்த வழியாகத் தம்பியும் உள்ளே நுழைந்தார். மேடைச் சாமான்களை எடுத்து வைப்பதில் தொடங்கி, 1902-ல் மேடையேறி நடிக்கவே ஆரம்பித்துவிட்டார். பிறகு ஊர் ஊராகப் போகும் சங்கீத நாடகக் கம்பெனி வாழ்க்கை. ஒரு நாள் சாப்பாடு, ஒரு நாள் பட்டினி. பாட்டு, நடனம், ஹாஸ்யம், திரை இழுப்பது, சாமான் மூட்டை கட்டுவது எல்லாம் ஒருவரே செய்ய வேண்டும். நம் ஊர் ஸ்பெஷல் நாடகக்காரர்களின் கஷ்ட ஜீவனத்தை அறிந்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

1905-ல் கிளீவா கிரைட்டன் என்ற இளம் பாடகியை மணந்தார். அடுத்த வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. கிரைட்டன் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நாடகக் கம்பெனியோடு கலிபோர்னியா போய்ச் சேர்ந்த பிறகு, குடும்பத்தில் பிணக்கு முற்றியது. சந்தேகம், வாக்குவாதம், கண்ணீர் என்று நாட்கள் கழிந்தன.

1913 ஏப்ரல் மாத முடிவில் ஒரு நாள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மெஜஸ்டிக் தியேட்டர். அங்கே நாடகம் நடந்துகொண்டிருந்தது. சேனி அதன் மேடை நிர்வாகி. கிளீவா அங்கே வந்து, பாதரச விஷத்தைக் குடித்துவிட்டார். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. பாடிப் பிழைத்த பெண்ணுக்குப் பாட்டு இல்லாமல் போயிற்று.

ஊரெல்லாம் இதே பேச்சு. பத்திரிகைகளில் பெரிய எழுத்துச் செய்தி. அவதூறுக்கு ஆளான மனிதருக்கு எந்த நாடகக் கம்பெனி வேலை கொடுக்கும்? மேடைக் கதவு அடைபட்டது. விவாகம் ரத்தாயிற்று. குழந்தை வேறிடத்தில் வளர்ந்தது. 1915-ல் ஹேசல் ஹேஸ்டிங்ஸ் என்ற நாடகக்காரப் பெண்ணை மணந்து மறுபடியும் ஒரு வீடு என்று ஏற்பட்ட பிறகுதான், மகனைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள முடிந்தது.

பிழைப்புக்கு வேறு வழியில்லாமல்தான் அவர் சினிமாவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் நாடகக்காரர்களுக்குச் சினிமா என்றால் இளப்பம். மேடையில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் சத்திரம் என்று எண்ணியிருந்தார்கள். அந்தச் சத்திரம்தான் சேனிக்குச் சிம்மாசனம் போட்டது!

நூறு டாலருக்கு மேல் பெறமாட்டீர்!

யூனிவர்சல் ஸ்டூடியோவில் காலையில் வேலை தேடி வருகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். டைரக்டரின் உதவியாளர் வந்து, "ஒரு கிழவன் வேண்டும்", "ஒரு மாலுமி வேண்டும்" என்று கேட்பார். அப்போதெல்லாம் நடிகர்கள் தங்கள் ஒப்பனையைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும். ஒரே முகத்தோடு நிற்பவனுக்கு ஒரு வேலை கிடைக்கலாம். பத்து முகம் வைத்திருப்பவனுக்குப் பத்து வேலை கிடைக்குமல்லவா? சேனி தம் ஒப்பனைப் பெட்டியை நம்பினார்.

சின்னச் சின்ன வேஷங்களாகச் சுமார் ஐந்து வருஷங்களில் ஏறக்குறைய நூறு படங்கள். ஜோசப் டி கிராஸ், ஐடா மே பார்க் என்ற தம்பதிகள் இருவருமே டைரக்டர்கள். சேனியிடம் சரக்கு இருக்கிறது என்று கண்டுகொண்டு அடுத்தடுத்து வாய்ப்புக் கொடுத்தவர்கள் அவர்கள்.

ஒரு நாள் சேனி துணிந்து, வாரச் சம்பளத்தை 125 டாலராக உயர்த்தும்படி நிர்வாகியிடம் கேட்டார். நிர்வாகி உதட்டைப் பிதுக்கினார். வாரத்துக்கு 100 டாலருக்கு மேல் பெறக்கூடிய நடிகர் நீர் ஒரு நாளும் ஆகமாட்டீர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சேனி வெளியேறினார். சில காலம் வேலையில்லாமல் அலைந்தார். 1919-ல் 'தி மிராக்கிள் மேன்' என்ற படம் வந்தது. ஒரு மோசடிக் கூட்டம். அதில் ஒருவன் கை கால் முறுக்கிக்கொண்ட முடவனாக நடித்துப் பிச்சை எடுக்கும் பேர்வழி. குணப்படுத்தும் மகானின் முன்னால் அவன் ஊர்ந்து வந்து, முறுக்கிய அங்கங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எழுந்து நிற்க வேண்டும். சேனி அதை நடித்தவிதம் கண்டு கொட்டகைகள் கிடுகிடுத்தன. ஒரே படத்தில் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. அந்தப் படம் முழுமையாக இன்று இல்லை. சில துண்டுகளே எஞ்சியிருக்கின்றன. அந்த எழுந்து நிற்கும் காட்சி, நல்ல வேளையாக, அந்தத் துண்டுகளில் இருக்கிறது.

மறு வருஷம் 'தி பெனால்டி'. சிறு வயதில் ஒரு டாக்டரின் தவறுதலால் இரண்டு கால்களையும் இழந்து, பழி வாங்கத் துடிக்கும் கொள்ளைத் தலைவன் வேஷம். சேனி தம் கால்களைப் பின்புறம் மடக்கி வாரினால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கால்களைத் தோல் உறைக்குள் செருகி அவற்றின்மேல் நடந்தார், படி ஏறினார், கயிற்றைப் பிடித்துத் தாவினார். ரத்த ஓட்டம் தடைப்படுவதால் சில நிமிஷங்களுக்கு ஒரு முறை கட்டை அவிழ்த்தாக வேண்டும். படம் பார்க்கும்போது நமக்கே கால் வலிக்கும்.

கூனன் சிந்திய கண்ணீர்

பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் நாவலைத் தழுவி, 1923-ல் யூனிவர்சல் எடுத்த பிரம்மாண்டமான படம், 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோத்ரதாம்'. பாரிஸ் மாநகரின் புகழ் பெற்ற நோத்ரதாம் மாதா கோவிலில் மணி அடிக்கும் கூனன் குவாசிமோடோதான் கதாநாயகன். அந்த வேஷத்துக்கு லான் சேனியைத் தவிர வேறு யாரும் இல்லை என்று ஆகிவிட்டது. யாருக்கு 125 டாலர் கொடுக்க மாட்டேன் என்றார்களோ, அதே மனிதருக்கு அதே ஸ்டூடியோ இப்போது வாரம் 2,500 டாலர் கொடுத்தது!

அந்தப் படத்தில் அவர் முதுகில் சுமந்த கூனின் எடை 70 பவுண்டு என்று அப்போதைய விளம்பரக்காரர்கள் எழுதினார்கள். நம்பினோர் பலர். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் அது சுமார் 20 பவுண்டு எடையுள்ள சுண்ணச் சாந்துக் கூன்தான் என்கிறார்கள். இருபதோ எழுபதோ, அதைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி அதன்மேல் பொய்த் தோல் ஒட்டிக்கொண்டு, வாயில் பொய்ப் பற்களைப் பொருத்திக்கொண்டு மாதக்கணக்கில் நடிப்பது விளையாட்டல்ல.

ஆனால் ஜனங்கள் மனத்தில் நின்றது கூன் அல்ல. குவாசிமோடோவை நடுத்தெருவில் கட்டி வைத்துச் சவுக்கால் அடிக்கிறார்கள். கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. தாகத்தால் தவிக்கும் அவனுக்கு ஒருவரும் தண்ணீர் தரவில்லை. எஸ்மெரால்டா என்ற பெண் மட்டும் மேலே ஏறி வந்து தண்ணீர் கொடுக்கிறாள். அந்த நொடியில் சேனியின் முகத்தைப் பார்க்க வேண்டும்! இத்தனை மெழுகுக்கும் சாந்துக்கும் அடியிலிருந்து, இதுவரை யாரும் தன்னை மனிதனாக மதித்ததில்லை என்ற ஏக்கமும், இவள் மதித்துவிட்டாளே என்ற ஆச்சரியமும் மேலே வந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குவாசிமோடோ காது கேளாதவன். கோவில் மணி ஓசையே அவன் செவியைக் கெடுத்துவிட்டது. ஆனாலும் அந்த மணிகளையே அவன் உயிராக நேசிக்கிறான். காது கேளாத பெற்றோரின் மகன் அந்த வேஷத்தை ஏற்றபோது, அது வெறும் வேஷமாக மட்டும் இருந்திருக்குமா? ஊர் ஒருவனை ஒதுக்கிச் சிரிக்கும்போது அவன் முகம் என்ன சொல்லும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்த பூதம்

1925-ல் வந்தது 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபரா'. பாரிஸ் சங்கீத மண்டபத்தின் பாதாளத்தில் முகமூடி அணிந்து திரியும் ஒரு மேதையின் கதை. படம் வெளிவரும்வரை அந்த முகம் எப்படி இருக்கும் என்பதை ரகசியமாக வைத்திருந்தார்கள். கதாநாயகி மேரி ஃபில்பின் பின்னாலிருந்து மெதுவாக வந்து முகமூடியைப் பிடுங்குகிறாள். திரையில் திடீரென்று ஒரு மண்டை ஓடு! மூக்கு இல்லை; துவாரம் மட்டும். கண்கள் குழிக்குள்ளிருந்து விழிக்கின்றன. இன்றைக்கும் அந்தக் காட்சி வரும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்காராதவர் இல்லை.

இதை எப்படிச் செய்தார்? இன்றைய ஒப்பனைக்காரர்களிடம் ரப்பர் நுரையும் சிலிக்கோனும் இருக்கின்றன, கம்ப்யூட்டரும் கைகொடுக்கிறது. சேனியிடம் இருந்தவை எண்ணெய் வர்ணக் குச்சிகள், பஞ்சு, தோலில் தடவினால் காய்ந்து இறுகும் கொலோடியன் திரவம், ஒட்டுப் பிசின், மெழுகு, பொய்ப் பற்கள், மெல்லிய கம்பி, இவ்வளவுதான். பஞ்சையும் கொலோடியனையும் அடுக்கிக் கன்ன எலும்பை உயர்த்தினார். மூக்கு நுனியை மேலே தூக்கி நிறுத்தினார். கண்ணைச் சுற்றிக் கருமை தீட்டிக் குழியாக்கினார். வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்று கணக்குப் போட்டுச் செய்த வேலை. பாதி மருந்து பெட்டியிலிருந்து வந்தது. மீதிப் பாதி அவர் கண்ணிலிருந்து வந்தது.

பத்தாம் வயதோடு பள்ளிக்கூடத்தை விட்ட அந்த மனிதரிடம், 1929-ல் வெளியான என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா 14-ஆம் பதிப்புக்காக ஒப்பனைக் கலையைப் பற்றி எழுதி வாங்கினார்கள்! அவருடைய ஒப்பனைப் பெட்டி லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட இயற்கை வரலாற்று மியூசியத்தைச் சேர்ந்திருக்கிறது. பாரிஸ் மண்டபத்துக்காக யூனிவர்சல் கட்டிய அரங்கோ எண்பது வருஷங்களுக்கு மேல் நின்று, 2014-ல்தான் இடிக்கப்பட்டது.

வர்ணம் பூசாத முகம்

பெட்டிதான் சேனியின் பலம் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1924-ல் புதிதாகத் தொடங்கிய எம்.ஜி.எம். கம்பெனியில் சேர்ந்த பிறகு, அவர் பெரும் புகழ் பெற்ற படங்களில் ஒன்று 'டெல் இட் டு தி மரீன்ஸ்' (1926). அதில் ஒட்டு இல்லை, கூன் இல்லை, பொய்ப் பல் இல்லை. கடற்படைச் சிப்பாய்களைப் பழக்கும் கண்டிப்பான சார்ஜென்ட் வேஷத்தில் தம் சொந்த முகத்தோடு வந்தார். அதைப் பார்த்த அமெரிக்க மரீன் படையினர் அவரைத் தங்கள் படையில் கௌரவ அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

டைரக்டர் டாட் பிரவுனிங்கும் சேனியும் சேர்ந்து பத்துப் படங்கள் எடுத்தார்கள். அவற்றில் 'தி அன்னோன்' (1927) என்ற படத்தின் கதை விபரீதமானது. கையில்லாதவன் என்று ஊரை ஏமாற்றி, சர்க்கஸில் காலால் கத்தி எறிகிறான் ஒருவன். உண்மையில் கைகளை உடம்போடு சேர்த்துக் கட்டி மறைத்திருக்கிறான். சர்க்கஸ் முதலாளியின் மகள்மேல் அவனுக்குக் காதல். ஆண்களின் கை தன்மேல் படுவதென்றாலே அந்தப் பெண்ணுக்கு அருவருப்பு. அவளுக்காக, மெய்யாகவே இரண்டு கைகளையும் வெட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறான். அதற்குள் அவளுக்கு அந்தப் பயம் தெளிந்துவிடுகிறது. வேறொருவனை மணக்கப் போவதாகச் சந்தோஷத்தோடு அவனிடமே சொல்கிறாள்!

அந்தக் கணத்தில் சேனி சிரிக்கிறார். சிரிப்பு வளர்ந்து வளர்ந்து அழுகையாக மாறுகிறது. கை இல்லை, வசனம் இல்லை, முகம் மட்டும்தான். அந்தப் பெண்ணாக நடித்த ஜோன் கிராஃபோர்டு அப்போது புதியவர். பின்னாளில் பெரிய நட்சத்திரமான பிறகும், நடிப்பு என்றால் என்ன என்று சேனி வேலை செய்வதைப் பார்த்துத்தான் கற்றேன் என்று அவர் சொல்லி வந்தார்.

குறை சொல்ல இடமில்லாதவர் அல்லர் சேனி. சீனராக அவர் போட்ட வேஷங்களை இன்றைய சீன அமெரிக்கர்கள் ரசிப்பதில்லை. தங்கள் இனத்து நடிகர்களுக்குக் கிடைக்க வேண்டிய இடம் அது என்கிறார்கள். நியாயமான பேச்சு. உடல் ஊனமுற்றவன் என்றால் கொடியவன் என்று கதை கட்டும் பழக்கமும் அந்தக் காலப் படங்களில் மலிந்திருந்தது. கதைக்காரர்கள் எழுதிய கொடியவனை மனிதனாக ஆக்கியது சேனியின் நடிப்பு. மிகத் தாழ்ந்தவன் என்று உலகம் தள்ளியவனிடமும் தியாகம் இருக்கும் என்று காட்டுவதே தம் நோக்கம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

படப்பிடிப்பு முடிந்தால் அவரைக் காண முடியாது. விருந்துகளுக்குப் போகமாட்டார், நிருபர்களுக்குப் பேட்டி கொடுப்பது அபூர்வம். சியரா நெவாடா மலையில் ஓடைக்கரையில் ஒரு கல் வீடு கட்டிக்கொண்டு மீன் பிடித்துக்கொண்டிருப்பார். ஸ்டூடியோத் தொழிலாளிகளோடு சரிசமமாகப் பழகுவார். அந்நாளில் வேலை இல்லாமல் திரிந்த போரிஸ் கார்லாஃப் என்ற நடிகரைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு போய், மற்றவர்களால் செய்ய முடியாத, செய்யத் துணியாத ஒன்றைக் கண்டுபிடித்துச் செய்யுங்கள் என்று புத்தி சொன்னாராம். 1931-ல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் பூதமாக வந்து உலகப் புகழ் பெற்றவர் அந்தக் கார்லாஃப்தான்.

பேச்சு வந்தது

1927-ல் 'தி ஜாஸ் சிங்கர்' படத்தில் நடிகர் வாய் திறந்து பாடினார். சினிமா உலகமே தலைகீழாகப் புரண்டது. இரண்டே வருஷங்களில் எல்லாரும் டாக்கி, டாக்கி என்று ஓடினார்கள். குரல் சரியில்லாத நட்சத்திரங்கள் உதிர்ந்தார்கள்.

இந்த மாறுதலால் நஷ்டப்பட்டவர்கள் இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றி அதிகம் பேர் நினைப்பதில்லை. ஊமைப் படக் காலத்தில் காது கேட்பவரும் கேளாதவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே எழுத்தைப் படித்து, ஒரே முகத்தைப் பார்த்து, ஒரே நேரத்தில் சிரித்தார்கள். டாக்கி வந்ததும் கொட்டகைக் கதவு காது கேளாதவர்களுக்குச் சாத்தப்பட்டது. ஊமைப் படங்களில் நடித்தவரும் காது கேளாதவருமான எமர்சன் ரொமேரோ, 1947-ல் பேசும் படங்களை வெட்டி இடையிடையே எழுத்துச் சேர்த்து அவர்களுக்குக் காட்டும் வரையில் அவர்களைக் கவனிப்பார் இல்லை.

சேனி உடனே டாக்கிக்கு வரவில்லை. 1929-ல் 'தண்டர்' என்ற ஊமைப் படத்தில் ரயில் இஞ்சின் டிரைவராக நடித்தார். அவருடைய கடைசி மௌனப் படம் அதுதான். அந்தச் சமயத்திலேயே உடம்பு சீர்கெட்டிருந்தது.

கடைசியில் சம்மதித்தார். 1925-ல் தாம் ஊமைப் படமாக நடித்திருந்த 'தி அன்ஹோலி திரீ' கதையையே மறுபடியும் பேசும் படமாக எடுத்தார்கள். வாய் அசையாமல் பொம்மையைப் பேச வைக்கும் வித்தைக்காரன் வேஷம். அவன் கிழவி வேஷம் போட்டுக் கொள்ளை அடிப்பவன். வித்தைக்காரனின் குரல், கிழவியின் குரல், பொம்மையின் குரல், கிளியின் குரல், ஒரு பெண்ணின் குரல் என்று ஐந்து குரல்களையும் சேனியே பேசினார். யாரும் நம்பமாட்டார்களே என்று, இத்தனையும் என் சொந்தக் குரல்தான் என அதிகாரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்! ஆயிரம் முகக்காரருக்கு ஆயிரம் குரலும் உண்டு என்று ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

படம் 1930 ஜூலையில் வெளிவந்தது. அப்போதே அவருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. தொண்டையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. பேச்சு நின்றது. உலகம் முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்த அதே வாரங்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் குரல் இல்லாமல் கிடந்தார்.

ஆனால் அவருக்கு இன்னொரு மொழி தெரியுமே! கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம் தமக்கு வேண்டியதைக் கைகளாலேயே சொன்னார். கொலராடோ ஸ்பிரிங்ஸ் வீட்டில் தாயாரிடம் பேசிய அதே மொழி.

1930 ஆகஸ்ட் 26-ஆம் தேதி லான் சேனி காலமானார். வயது 47. மரீன் படையினர் மரியாதைக் காவலர்களை அனுப்பினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த கிளெண்டேல் நகரில், ஃபாரஸ்ட் லான் மயானத்தில் அவர் உடல் வைக்கப்பட்டது. அந்த இடத்தில் பெயர் பொறிக்கப்படவில்லை. ஆயிரம் முகம் காட்டியவர் கடைசியில் ஒரு பெயர்ப் பலகைகூட இல்லாமல் மறைந்துகொண்டார்.

மிச்சம் இருப்பது

மகன் சினிமாவுக்கு வருவதைச் சேனி விரும்பவில்லை. தகப்பனார் இறந்த பிறகுதான் கிரைட்டன் நடிக்க வந்தார். பட முதலாளிகளின் வற்புறுத்தலால் தம் பெயரையே 'லான் சேனி ஜூனியர்' என்று மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பெயர்மாற்றம் அவருக்கு உவப்பாக இருந்ததில்லை. 1941-ல் 'தி உல்ஃப் மேன்' படத்தில் ஓநாய் மனிதனாக நடித்து அவரும் பெயர் வாங்கினார்.

1957-ல் லான் சேனியின் வாழ்க்கையையே படமாக எடுத்தார்கள். ஜேம்ஸ் காக்னி சேனியாக நடித்தார். 1994-ல் அமெரிக்க அரசாங்கம் ஊமைப் பட நட்சத்திரங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது சேனிக்கும் ஒன்று கிடைத்தது. 1998-ல் 'ஃபாண்டம்' படம், அந்நாட்டின் பாதுகாக்கப்பட வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆனால் அவர் நடித்த நூற்றைம்பதுக்கு மேற்பட்ட படங்களில் பெரும்பகுதி இன்று இல்லை. பழைய ஃபிலிம் எளிதில் தீப்பற்றுவது. வைத்துக் காப்பாற்றுவதும் செலவு. 'ஊமைப் படம் இனி யாருக்கு வேண்டும்?' என்று குப்பையில் போட்டவை எத்தனையோ. 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' (1927) படத்தின் கடைசிப் பிரதி, 1965-ல் எம்.ஜி.எம். கிடங்கில் பிடித்த தீயில் சாம்பலாயிற்று. உயர்ந்த தொப்பியும் கூர்ப் பற்களுமாகச் சேனி நிற்கும் புகைப்படங்கள் மட்டும் மிச்சம்.

எஞ்சியிருக்கும் படங்களைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நேயர்கள் தவற விடாதீர்கள். ஒரு சின்ன யோசனை: அந்தப் படங்களோடு பிற்காலத்தில் சேர்த்திருக்கும் வாத்திய இசையைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அமெரிக்காவைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். சவுக்கடிபட்ட கூனன் தண்ணீருக்காகத் தலையைத் தூக்கும்போது அவன் என்ன சொல்கிறான் என்பது யாருக்கும் புரியும். காதால் ஒரு சொல்லும் கேட்டறியாத ஒரு தாய்க்குப் புரிய வேண்டும் என்று, ஒரு சிறுவன் முயன்று முயன்று கற்ற பாஷை அது.